உன் சித்தியின் காதில் இருப்பது என் தோடு

தம்பி,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ பஸ்ஸுக்குள் அழுத அழுகை இன்னும் காதுக்குள் நிற்கிறது. என்றாலும் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு வேறு பாஷையில் எழுத வராது. தமிழிலும் பெரிதாக வராது. ஷெல்லுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடினதில் என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. நீ மெல்ல மெல்ல வாசி. அந்த நேரமாவது என்னோடு இருப்பாய். விளங்காத இடம் வந்தால் பக்கத்து வீட்டுச் சாந்தி அன்ரியிடம் கொடுத்துக் கேள். அவ வாசித்தால் எனக்கு வெட்கமில்லை. கார்த்திகை மாதம் சண்டையில் செத்தவர்களுக்கு விளக்குக் கொளுத்துகிற மண்டபத்தில் எங்களை முன் கதிரையில் இருத்துகிற ஆட்கள் வாசித்தாலும் எனக்கு இனி வெட்கமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். நீ வந்து பிரிட்ஜில் சாய்ந்துகொண்டு, "அம்மா, ஐ காட் இன். ஆமியில எடுத்திட்டாங்கள்" என்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தேன். அப்பா செத்துப்போன பிறகு அந்த முகத்தில் நான் சந்தோசம் பார்த்ததே இல்லை. அதனால் "எங்கையடா அனுப்புவாங்கள்?" என்று மட்டும் கேட்டேன். முதலில் கியூபெக் பக்கம் பயிற்சி, பிறகு அவர்கள் அனுப்புகிற இடம் என்றாய். "சண்டை நடக்கிற இடமோ?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அம்மா, இந்த நாடு எங்களுக்கு இடம் தந்தது. சம்படி ஹாஸ் டு கோ, ஆராவது போகத்தானே வேணும். சித்தியும் போனவா தானே. அவவை ஒருத்தரும் மறிக்கேல்லையே" என்றாய்.

மீன் கருகின மணம் அப்போதுதான் வந்தது. நான் அடுப்பை நூர்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கீழே பஸ் தரிப்பில் ஆட்கள் நின்றார்கள். நீ என் பின்னால் வந்து தோளைப் பிடித்து, "ஓகே தானே அம்மா?" என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை, ராசா. இன்று நீ மோர்னிங்சைட்டில் சினேகிதப் பெடியளுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாய். திங்கட்கிழமை உனக்கு ரயில். நேரில் சொல்ல வாயெடுத்தால் நான் அழுவேன், நீ என்னைக் கட்டிப் பிடிப்பாய், கதை அதோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

உன் சித்தி வதனி போகவில்லை, தம்பி. அவளைக் கொண்டு போனார்கள்.

அப்பா உனக்குச் சொன்ன கதை வேறு. மண்டபத்தில் சொன்ன கதையும் வேறு. அப்பா கெட்ட மனிதன் இல்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் பிறகு எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேள். விரும்பிப் போன பிள்ளைகளும் எங்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். அவர்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்ல மாட்டேன். என் தங்கச்சி அவர்களில் ஒருத்தி இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு குமர். ஆண் பிள்ளை இல்லை. ஐயா ஷெல் விழுந்து முன்னமே செத்துப்போனார். நாங்கள் அப்போது வன்னியில் விசுவமடுப் பக்கம் இருந்தோம். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் தரவேண்டும் என்று இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம். தாலி ஏறின பிள்ளையை அப்போது கேட்பதில்லை. அதனால் ஊரில் கலியாணங்கள் மளமளவென்று நடந்தன. மாப்பிள்ளைக்கு வேலை இருக்கோ, குணம் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறினால் போதும் என்று தாய்மார் நினைத்தார்கள். என்னோடு படித்த ஒருத்தியை, அவளை விடக் கட்டையான பதினேழு வயதுப் பெடியனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தாலி கட்ட அவள் குனிந்து கொடுத்தாளாம். வதனி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த நேரம்தான் உன் அப்பாவின் தமக்கை, உன்னுடைய பெரிய மாமி, இங்கே ஸ்காபரோவில் இருந்துகொண்டு தன் தம்பிக்குப் பெண் பார்த்தா. தெரிந்தவர்கள் மூலம் எங்கள் வீட்டுக்குச் சொல்லி வந்தது. அவர்கள் கேட்டது வதனியை. எங்கள் இரண்டு பேரிலும் அவள்தான் வடிவு, அவள்தான் ஓஎல் சோதனையும் பாஸ். படம் அனுப்பச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் படம் எடுக்கிற கடைக்குப் போனோம். அம்மாவின் மாம்பழக் கலர்ச் சேலையை உடுத்தியிருந்தாள். அவளுக்குக் காதில் போட நல்லது ஒன்றும் இல்லை; நான் என் காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன். நடுவில் சிவப்புக் கல்லும் சுற்றிவர வெள்ளைக் கல்லும் வைத்த தோடு. ஐயா இருக்கும்போது எனக்குச் செய்து தந்தது. படமெடுக்கிறவர் வலு கடுப்பான ஆள். "தங்கச்சி, சிரிக்கக்கூடாது. மாப்பிளை வீட்டார் பாக்கிற படம், அடக்கமா இருக்கவேணும்" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்று, கன்னத்தை ஊதி, கண்ணைச் சொருகிக் காட்டினேன். அவள் அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்க, அந்த நேரம் அவர் கமராவை அமத்திவிட்டார். அந்தப் படம்தான் கனடாவுக்கு வந்தது.

அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் என் அம்மா ஒற்றைக் காலில் நின்றா. "மூத்தவள் குமரா இருக்க இளையவளுக்குத் தாலி ஏறினால் பிறகு மூத்தவளை ஆர் எடுப்பான்? முதல்ல மூத்தவள். ரெண்டாவதை நாங்கள் பாப்பம்" என்றா. இதை நீ இப்போது வாசித்துவிட்டு, "வட் த…" என்று தலையில் கை வைப்பாய். எங்கள் சனத்துக்கு அப்போது அதுதான் முறை. நாலு பக்கமும் குண்டு விழுந்தாலும் மூத்தது முதலில் போகவேண்டும், இளையது பிறகு போகவேண்டும். அம்மா தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று அப்பாவோடு கதைத்தா. அப்பா, "சரி மாமி. ஆரெண்டாலும் ஒரு பிள்ளையாவது முதல்ல வெளியில வரட்டும்" என்றாராம். முகமே பார்க்காமல் என்னைக் கட்ட ஒத்துக்கொண்ட மனிதன் உன் அப்பா. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவருக்குக் கடைசி மட்டும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

நான் வதனியைப் பார்க்க முடியாமல் கிணற்றடியில் போய் நின்றேன். அவள் வந்து வாளியைத் தட்டி, "எனக்கென்னக்கா, அந்தாளுக்கு முன்தலை வழுக்கை ஏறத் தொடங்கீட்டுது. நீயே வைச்சுக்கொள்" என்றாள். அப்பாவின் படம் எங்களுக்கும் வந்திருந்தது. உண்மையில் ஏறத்தான் தொடங்கியிருந்தது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். வன்னியை விட்டு வெளியே போக அப்போது இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சும்மா தரமாட்டார்கள். கலியாணத்துக்கு என்றால் தரவே மாட்டார்கள். எனக்கு வயிற்றுக்குள் கட்டி, வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று சொல்லித்தான் கேட்டோம். அதற்கும் ஒரு பிணை வேண்டும். பிணை என்றால், போகிற ஆள் சொன்ன நாளில் திரும்பி வருவார் என்று வீட்டில் இன்னொரு ஆள் பொறுப்பு நிற்கவேண்டும். வராவிட்டால் நிற்கிற ஆள்தான் பதில் சொல்லவேண்டும். அம்மா தான் நிற்கிறேன் என்றா. மேசையில் இருந்த பெடியன் அம்மாவைப் பார்க்கவும் இல்லை. "வயது போன ஆக்கள் வேண்டாம், அம்மா. வீட்டில வேற ஆர் இருக்கினம்?" என்று கேட்டான். வதனி எனக்குப் பின்னால் நின்றவள் முன்னுக்கு வந்து, "நான் நிக்கிறன்" என்றாள். கையெழுத்தும் போட்டாள். வடிவான கையெழுத்து அவளுக்கு.

நாங்கள் அவளைச் சாகக் கொடுக்க நினைக்கவில்லை, தம்பி. பாஸில் இருந்த நாள் முடியமுன்னம் அவளையும் காட்டுப் பாதையால் எடுக்க அப்பா ஒரு ஆளைப் பிடித்திருந்தார். நான் போகிற அன்று காலை தோட்டைக் கழற்றி அவளுக்கே போட்டுவிட்டேன். "உனக்குத்தான் இது வடிவா இருக்கு" என்றேன். அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு றோட்டு மட்டும் வந்தாள். "அங்க போய் எனக்கும் ஒருத்தரைப் பார். தலைமயிர் உள்ளவனாப் பார்" என்றாள். பஸ் வெளிக்கிட்டது. நான் திரும்பிப் பார்க்கும்போது அவள் பழிப்புக் காட்டினாள், அன்று படக்கடையில் நான் காட்டின மாதிரி, கன்னத்தை ஊதி.

வவுனியாவிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இந்தியா; உன் அப்பாவும் மாமியும் கனடாவிலிருந்து வந்து நின்ற திருச்சியில் ஒரு சின்னக் கோயிலில் எனக்குத் தாலி ஏறியது. என் பக்கத்தில் என் சனம் என்று ஒருவரும் இல்லை. உன் மாமிதான் எனக்குக் கூறைச் சேலை உடுத்திவிட்டா. அந்தக் கிழமையே பாதையைப் பூட்டிவிட்டார்கள். காட்டுப் பாதைக்காரன் தன் தலையைக் காப்பாற்ற ஓடிவிட்டான். பாஸில் போட்டிருந்த நாள் வந்தது. போனது.

நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கின நாள் பனி. உன் அப்பா ஒரு பெரிய சப்பாத்தைக் கொண்டு வந்து எயார்போர்ட்டில் குந்தியிருந்து எனக்குப் போட்டுவிட்டார். அது எனக்குப் பெரிது. உள்ளுக்குள் இரண்டு சோடிக் காலுறை போட்டும் கழன்றது. வதனியின் கால் அளவுக்கு வாங்கியிருந்தார் என்று எனக்குப் பிறகு தோன்றியது. நான் கேட்கவில்லை. நிலமட்டத்துக்குக் கீழே, பேஸ்மென்டில் இருந்தோம். அவர் விடிய ஷிஃப்டுக்குப் போய்விடுவார். நான் ஜன்னல் கண்ணாடிக்கு மேலே போகிற ஆட்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு, ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பேன். கனடா எப்படி இருக்கிறது என்று ஊரில் கேட்டிருந்தால், கால்கள் நிறைய இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அப்பா வந்தவுடன் சட்டையும் மாற்றாமல், "உமக்குப் போன் வந்ததோ?" என்றுதான் கேட்பார். சாப்பாட்டைப் பிறகுதான் கேட்பார்.

நீ வயிற்றில் இருக்கும்போது போன் வந்தது. அம்மா கதைத்தா. வதனியை இத்தனை நாளும் பக்கத்து வளவில் ஒளித்து வைத்திருந்திருக்கிறா. அவள் குளிக்கவென்று வீட்டுக்கு வந்த நேரம் இயக்கத்தின் வாகனம் வந்து நின்றிருக்கிறது. ஈரத் தலையோடு இழுத்திருக்கிறார்கள். அம்மா வாகனத்தின் கதவைப் பிடித்துத் தொங்கி, விழுந்து, கை முறிந்துவிட்டது. இவ்வளவும் அப்பாவுக்கும் தெரியும். அம்மா எனக்கு மட்டும் சொன்னது ஒன்று இருக்கிறது. அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை, மாமிக்குச் சொல்லவில்லை, கோயிலில் கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. வதனி வாகனத்துக்குள் இருந்து என்ன கத்தினாள் என்று அம்மா சொன்னா.

"அக்கா வந்திடுவா! கொஞ்சம் பொறுங்கோ, அக்கா வந்திடுவா!"

அவளுக்குத் தெரியும், தம்பி. நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே என்னை அனுப்பினாள். என்றாலும் அந்த நேரம் அவள் வாயில் வந்தது அதுதான். நீ சொன்னாய், அவவை ஒருத்தரும் மறிக்கவில்லை என்று. மறித்த கை முறிந்து, நேராக ஒட்டாமலே உன் அம்மம்மா செத்துப்போனா.

பிறகு கடைசிச் சண்டை. உனக்குப் பல் முளைத்து, நீ சுவரைப் பிடித்து நடக்கிற காலம். இரண்டு பக்கமும் விடாமல் அடித்துக்கொண்டிருக்க நடுவில் சனம். அவள் எந்த இடத்தில் விழுந்தாள், யார் பார்த்தது, கிடங்கு வெட்டித் தாட்டார்களோ, அப்படியே விட்டார்களோ ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. முகாமிலிருந்து வந்த ஒரு பிள்ளை, வதனியோடு நின்றதாம், அவள் இல்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னது. அவ்வளவுதான் வந்த செய்தி. அந்தத் தோடு எந்த மண்ணுக்குள் கிடக்கிறதோ.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். அந்த வருடம் முடிய மண்டபத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "உங்கடை தங்கச்சியின்ர படம் ஒண்டு தாங்கோ, மற்றவையோட சேத்து வைப்பம்" என்றார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே படம்தான், பெண் பார்க்க அனுப்பின படம். மாம்பழக் கலர்ச் சேலையோடு எப்படி வைக்கிறது? உன் அப்பா அதை ஒரு படக்கடைக்குக் கொண்டு போனார். அவன் கம்பியூட்டரில் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேறு யாரோ ஒரு பிள்ளையின் உடம்பில், வரிச் சீருடையில் வைத்துத் தந்தான். பின்னலை மறைக்கத் தொப்பியும் போட்டான். பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அப்பா கொண்டு வந்து கதிரையில் சாத்தி வைத்தார்.

"இதென்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?" என்று நான் கத்தினேன்.

"இஞ்சேரும், சத்தம் போடாதையும். பிள்ளை நித்திரை."

"இந்த உடுப்புக்குத்தானே அவளை ஈரத் தலையோட இழுத்துக்கொண்டு போனவை!"

அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார், "நாளைக்கு இவன் வளந்து சித்தி எங்கை எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? ஆடு மாடு மாதிரி இழுத்துக்கொண்டு போய்ச் சாகக் குடுத்தவை எண்டோ? நான் கேட்டது அவளை. அண்டைக்கு நான் ஒரு சொல்லு உறுதியாச் சொல்லியிருந்தால் அவள் இண்டைக்கு இந்தக் குசினிக்குள்ள நிண்டிருப்பாள். அவளுக்கு நான் வேற என்னத்தைக் குடுக்கிறது? மரியாதையையாவது குடுப்பம்."

அவள் இந்தக் குசினிக்குள் நின்றிருந்தால் நான் எங்கே நின்றிருப்பேன் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். யோசித்ததால் வாயை மூடினேன். அவர் அழுததை நான் பார்த்தது இரண்டு தரம்தான். ஒன்று அன்று, மற்றது நீ பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு வந்து நின்ற அன்று. அந்தப் படம்தான் அவருக்கு மருந்தாக இருந்தது. தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்கு அவர் ஒரு கதையைச் செய்தார். நானும் வருடா வருடம் வெள்ளைச் சேலை உடுத்திப் போய் அந்தக் கதைக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ ஆறு வயதில் வெள்ளைச் சட்டை போட்டு, உன்னை விடப் பெரிய அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தாய். சனம் எழும்பி நின்றது. "அம்மா, எனக்காகவோ எழும்பினவை?" என்று கேட்டாய். அந்தப் படத்தின் சின்னப் பிரதி ஒன்று இப்போதும் உன் அறையில், உன் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. அப்பாவோ நானோ அது உன்னை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகும் என்று நினைக்கவில்லை.

நான் சொல்வதை நீ நம்பமாட்டாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா உனக்குத் தெய்வம். செத்த மனிதன் சொன்னதை உயிரோடு இருக்கிற நான் மறுத்தால் யார் கேட்பார்கள்? அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இப்போது எழும்பி உன் அறைக்குப் போ. அந்தப் படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடி. தொப்பிக்குக் கீழே, இடது காதைப் பார். நடுவில் சிவப்புக் கல், சுற்றிவர வெள்ளைக் கல். படக்கடைக்காரன் சேலையை வெட்டினான், பின்னலை மறைத்தான், தோட்டை விட்டுவிட்டான். சண்டைக்குப் போகிற எந்தப் பிள்ளை கலியாணத் தோடு போட்டுக்கொண்டு போகும்? பிறகு வாயைப் பார். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறாள். வீரம் தெரிகிற சிரிப்பு என்று மண்டபத்தில் ஒருவர் சொன்னார். அது எனக்காகச் சிரித்த சிரிப்பு. நான் கன்னத்தை ஊதிக் காட்டினதுக்கு.

வெட்டாத படம் அப்பாவின் சாமான்களுக்குள் இருந்தது. ஒரு நாளும் எறியவில்லை அந்த மனிதன். அதை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

தம்பி, உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்புக் காணாது. இந்த நாடு எங்களுக்கு இடம் தந்தது என்று நீ சொன்னது பொய் இல்லை. நானும் நன்றி மறந்தவள் இல்லை. அதைத் திருப்பிச் செய்யப் பத்து வழி இருக்கிறது. அப்பா தன் முதுகால் செய்தார். உனக்கு ஆமிதான் வேண்டும் என்றால், அது உன் சொந்த ஆசையாக இருக்கட்டும். செத்தவர்கள் போனார்கள் என்று போகாதே. அவர்கள் போனார்களா, கொண்டுபோகப்பட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போ. மேடையில் யாரையாவது உயரத் தூக்கினால், அந்த ஆளின் தாய் எந்தக் கதிரையில் இருக்கிறாள், அவள் கை தட்டுகிறாளா என்று திரும்பிப் பார். நான் ஒரு நாளும் தட்டினதில்லை. நீ முன்னால் போகிற பிள்ளை, உன் முதுகுக்குப் பின்னால் கதிரையில் இருந்த என்னை நீ எப்படிப் பார்த்திருப்பாய்.

உன் பெரிய பையைத் திறந்து பார்த்தேன், கோபிக்காதே. கம்பளிக் காலுறை ஒரு சோடிதான் வைத்திருக்கிறாய். அங்கே இங்கேயை விடக் குளிர் என்று சாந்தி அன்ரி சொன்னா. இன்னும் மூன்று சோடி வைத்தேன். நெஞ்சுச் சளிக்குப் பூசுகிற தைலமும் வைத்தேன். வைத்துவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். உன் பையை நானே கட்டி அனுப்பினால் நானும் சேர்ந்து அனுப்பினதாகிவிடும். பிறகு நீ குளிரில் நிற்பாயே என்று திரும்பவும் வைத்தேன். காலையிலிருந்து இதே வேலை. அப்பாவின் ஆண்டுத் திவசம் மாசியில் வருகிறது. தர்ப்பை போட்டுக்கொண்டு இருக்க வேண்டியது நீ. அதற்கு லீவு தரமாட்டார்கள் என்று நீயே சொன்னாய். ஐயரிடம் நான் என்னத்தைச் சொல்வது?

நீ சொன்ன இன்னொன்றும் என் நெஞ்சுக்குள் நின்று கொத்துகிறது. ஆமிக்காரர் தந்த பத்திரத்தில், ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்ட இடத்தில், "உங்கடை பேரைத்தான் எழுதினனான் அம்மா" என்று பெருமையாகச் சொன்னாய். உனக்கு அது ஒரு பெயர், ஒரு ரெலிபோன் நம்பர். எனக்கு அந்த மேசையும், அதில் இருந்த பெடியனும், முன்னுக்கு வந்து நின்ற வதனியும் கண்ணுக்குள் வந்தார்கள். போகிற ஆளுக்காக வீட்டில் நிற்கிற ஆளுக்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று மேலே எழுதியிருக்கிறேன். என்னைக் கேட்காமலே நீ எழுதிவிட்டாய்.

திங்கட்கிழமை விடியும் மட்டும் நான் உன்னைக் கெஞ்சுவேன். காலில் விழச் சொன்னாலும் விழுவேன், எனக்கு மானம் இல்லை. போகமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லு, நான் அந்தப் பையை அவிழ்த்து உடுப்பெல்லாம் பழையபடி மடித்து வைக்கிறேன். அதற்கும் மேலால் நீ ரயில் ஏறினால், நான் வந்து வழியனுப்புவேன். வராமல் வீட்டில் இருக்க என்னால் ஏலாது. ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டு ஏறு. அன்றைக்கு நான் போனேன், பிணைக்கு அவள் நின்றாள். இன்றைக்கு நீ போகிறாய், பிணைக்கு நான் நிற்கிறேன். யாராவது இந்தக் கதவை வந்து தட்டுகிற அன்றைக்கு, நான் என்னத்தைக் கத்துவேன் என்று உனக்கு இப்போது தெரியும்.

"என்ர பிள்ளை வந்திடுவான். கொஞ்சம் பொறுங்கோ, வந்திடுவான்."

அப்படிக் கத்தினவளுக்கு நான் திரும்பிப் போகவில்லை, ராசா. நீ வா.

அம்மா